சுத்தியலைத் தேடினார், தங்கம் கிடைத்தது! புதையல்களைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

ஊருக்கு ஊர் ஒரு புதையல் கதை இருக்கும். இடிந்த கோட்டைக்கு அடியில் ஏழு கொப்பரைத் தங்கம், அதைக் காக்க ஒரு பூதம், அமாவாசை இரவில் கொப்பரைகள் உருண்டு போகும் சத்தம்... பாட்டி சொல்லச் சொல்ல வாயைப் பிளந்து கேட்டவர்கள்தானே நாம்! ஆனால், உலகில் உண்மையாகவே நடந்த புதையல் வேட்டைகளைக் கேட்டால் பாட்டி கதையெல்லாம் சாதாரணம் என்று தோன்றிவிடும். செம்பில் வெட்டிய புதையல் பட்டியல், ஏரியையே வற்ற வைத்த ஆசை, நம் கடாரத்தின் பெயர் தாங்கிய கப்பல், புதுக்கோட்டை மண்ணில் கிடந்த ரோமாபுரிப் பொன்! ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்.

64 புதையல்களுக்கு ஒரே பட்டியல்!

1952 மார்ச் மாதம். சாக்கடல் கரையில், கும்ரான் குகை ஒன்றில், துருவேறி இறுகிப்போன செம்புச் சுருள் ஒன்று இரண்டு துண்டாகக் கிடைத்தது. பிரித்தால் நொறுங்கிவிடும்! கடைசியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்குக் கொண்டுபோய், சிறு ரம்பத்தால் 23 துண்டுகளாக அறுத்துத்தான் படித்தார்கள். அதே பகுதியில் கிடைத்த மற்ற சுருள்களில் வேதமும் வழிபாடும் இருக்க, இதில் இருந்ததோ முழுக்க முழுக்கப் புதையல் கணக்கு! எந்தப் படிக்கட்டுக்குக் கீழே, எந்தத் தொட்டிக்குள், எத்தனை முழ ஆழத்தில், எத்தனை தாலந்து வெள்ளி, எத்தனை தாலந்து பொன் என்று எபிரேய மொழியில் 64 பதிவுகள். இவ்வளவு தெளிவாக எழுதி வைத்தும் அதில் ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. சுருள் மட்டும் இன்று ஜோர்டானின் அம்மான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அமெரிக்க அதிபரையே இழுத்த குழி!

கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையோரம் ஓக் தீவு என்று ஒரு குட்டித் தீவு. 1795-இல் அங்கே ஓர் இளைஞர் மரத்தடியில் பள்ளம் ஒன்றைக் கண்டாராம். நண்பர்களோடு தோண்டினால் பத்தடிக்கு ஒரு மரத்தளம்! இன்னும் ஆழமாகப் போனபோது கடல்நீர் குபுகுபுவென்று உள்ளே ஏறிவிட்டது என்கிறது கதை. அன்று தொடங்கிய தோண்டல் இருநூறு ஆண்டுகளைத் தாண்டியும் ஓயவில்லை. பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்ளின் ரூஸ்வெல்ட், 1909-இல் இளம் வயதில் அந்தத் தீவுக்குப் போய்த் தேடியவர்களில் ஒருவர்! தென்னையே வளராத அந்தக் குளிர் நாட்டுக் கடற்கரை மண்ணுக்கு அடியில் அடுக்கடுக்காகத் தேங்காய் நார் கிடைத்தது. அது எப்படி அங்கே வந்தது? இன்றும் விவாதம் தொடர்கிறது. ஆனால் இந்தக் குழி வாங்கியது பணத்தை மட்டுமல்ல, உயிரையும்தான். 1965 ஆகஸ்ட் 17 அன்று குழிக்குள் இறங்கியவர் விஷவாயுவால் மயங்கி விழ, காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து நான்கு பேர் மாண்டார்கள். அவர்களில் தந்தையும் மகனும் உண்டு. இதுவரை மொத்தம் ஆறு உயிர்கள்.

தூக்குமேடையிலிருந்து வீசப்பட்ட புதிர்!

1721. கோவாவிலிருந்து போர்த்துக்கல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய கப்பல், புயலில் பாய்மரங்களை இழந்து ரியூனியன் தீவில் ஒதுங்கி நின்றது. அதில் பயணம் செய்தவர் கோவாவின் போர்த்துக்கீசிய ஆளுநர்! கூடவே வைரம், பட்டு, பொன், வெள்ளி. பருந்து என்று பட்டப்பெயர் பெற்ற பிரெஞ்சுக் கொள்ளையன் ஒலிவியே லெவாசர் தன் கூட்டாளிகளோடு பாய்ந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டான். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1730 ஜூலை 7 அன்று, அதே தீவில் அவனைத் தூக்கிலிட்டார்கள். கழுத்தில் கயிறு விழும் முன், புரியாத எழுத்துகள் நிறைந்த ஒரு தாளைக் கூட்டத்தில் வீசி, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று சவால் விட்டானாம்! அந்தப் புதிரை நம்பி, சேஷல்ஸின் மாஹே தீவில் ஓர் ஆங்கிலேயர் 1949-இல் பாறைகளைக் குடையத் தொடங்கினார். 1977-இல் இறக்கும்வரை தோண்டினார். பிறகு அவருடைய மகன் தோண்டினார். தலைமுறை மாறியும் புதையல் வெளிவரவில்லை.

மலாக்காவின் செல்வத்தோடு மூழ்கிய கடல் மலர்!

'கடல் மலர்' என்ற பொருளில் 'ஃப்ளோர் டி லா மார்' என்று பெயர் சூட்டிய போர்த்துக்கீசியக் கப்பல் அது. 1511-இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க் மலாக்காவைப் பிடித்தார். தமிழ் வணிகர்கள் பெருங்கூட்டமாக வாழ்ந்த துறைமுகம் அது. அவர்களில், நினா சாட்டு என்று போர்த்துக்கீசிய ஏடுகள் குறிக்கும் வணிகர், வெற்றி பெற்றவர்களின் ஆட்சியில் பெரும் பதவியே வகித்தார். சுல்தானின் அரண்மனைச் செல்வத்தையும், தன் கல்லறைக்கு வைக்க வேண்டும் என்று எடுத்த வெண்கலச் சிங்கங்களையும் இந்தக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அல்புகர்க் கிளம்பினார். அதே ஆண்டு நவம்பரில், சுமத்திரா கரையோரம் புயலில் கப்பல் உடைந்தது. கட்டைகளைப் பிணைத்த தெப்பத்தில் அல்புகர்க் உயிர் தப்பினார். செல்வம் முழுவதும் கடலுக்குள்! ஐந்து நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. மலாக்காவில் அந்தக் கப்பலின் மாதிரியைக் கட்டி அதற்குள் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். அசல் இன்னும் கடலடி மண்ணில்தான்.

ஏரியை வற்ற வைத்தார்கள், சேறு கல்லானது!

கொலம்பியாவில், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டர் உயரத்தில் வட்டமான ஓர் ஏரி, குவாதவிதா. புதிதாகப் பட்டமேறும் தலைவன் உடம்பெல்லாம் பொற்பொடி பூசி, தெப்பத்தில் ஏறி நடு ஏரிக்குப் போய், பொன்னும் மரகதமும் நீரில் இடுவது மூய்ஸ்கா மக்களின் சடங்கு. எல் டொராடோ என்ற பெயரே இந்தப் பொன்பூசிய மனிதனிடமிருந்து வந்ததுதான்! சும்மா விடுவார்களா? 1580-களில் ஒரு ஸ்பானிய வணிகர் கரையையே வெட்டித் தண்ணீரை வடித்தார். வெட்டிய இடம் சரிந்து வேலையாட்கள் பலர் மாண்டார்கள். அந்த வெட்டு இன்றும் மலையில் தழும்பாகத் தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி சுரங்கம் வெட்டி ஏரியை அடியோடு வற்ற வைத்தது. அப்புறம்தான் வேடிக்கை! அடியில் இருந்த சேறு வெயில் பட்டதும் காய்ந்து சிமென்ட் போல இறுகிவிட்டது. கருவிகளோடு திரும்பி வருவதற்குள் மீண்டும் தண்ணீர். கம்பெனி நொடித்தது. 1965-இல் கொலம்பிய அரசு தோண்டவே கூடாது என்று ஏரியைப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. நான்கே ஆண்டுகளில், பாஸ்கா என்ற வேறோர் ஊரின் குகையில், அந்தச் சடங்கை அப்படியே காட்டும் தங்கத் தெப்பம் விவசாயிகள் கையில் கிடைத்தது! தெப்பத்தின் நடுவே தலைவன், சுற்றிலும் பரிவாரம். பொகோடா தங்க அருங்காட்சியகத்தின் கண்மணியே அதுதான்.

கொள்ளையனின் கப்பலில் நம் கடாரம்!

'கடற்கொள்ளையன் தீவில் பெட்டியைப் புதைத்தான்' என்ற கதைக்கெல்லாம் தாய்க்கதை யாருடையது தெரியுமா? வில்லியம் கிட்! கொள்ளையரைப் பிடிக்கப் புறப்பட்டவரே கொள்ளையரான விந்தை அவருடையது. 1698-இல் கொச்சிப் பக்கம், வங்கத்திலிருந்து சூரத்துக்குப் பட்டும் மஸ்லினும் சர்க்கரையும் ஏற்றிப் போன 'குவெடா மெர்ச்சன்ட்' என்ற கப்பலைப் பிடித்தார். பெயரைக் கவனித்தீர்களா? அந்நாள் ஆங்கிலேயர்கள் மலேயாவின் கெடாவைத்தான் குவெடா என்று எழுதினார்கள். நம் ராஜேந்திர சோழன் வென்ற கடாரம்!

1699-இல் அமெரிக்கா திரும்பிய கிட், நியூயார்க் அருகே கார்டினர்ஸ் தீவில் கொஞ்சம் பொன்னும் துணியும் புதைத்து வைத்தார். ஆனால் ஆளைப் பிடித்த கையோடு அரசு அதைத் தோண்டி எடுத்து, அவருக்கு எதிரான சாட்சியாகவே லண்டனுக்கு அனுப்பிவிட்டது! 1701 மே 23 அன்று தூக்கு. முதல் முறை கயிறு அறுந்து விழுந்தது. இரண்டாம் முறைதான் உயிர் போனது. அன்றிலிருந்து 'கிட் புதைத்த மிச்சம்' என்று சொல்லி அமெரிக்கக் கடற்கரையில் தோண்டாத இடமில்லை. மிச்சம் எங்கும் இல்லை. 2007-இல் கிடைத்தது குவெடா மெர்ச்சன்ட் கப்பல்தான். டொமினிக்கன் குடியரசின் கத்தலினா தீவருகே, கரையிலிருந்து கல்லெறி தூரத்தில், மூன்றே மீட்டர் ஆழத்தில்! முந்நூறு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது.

ஔரங்கசீப்பை ஆத்திரப்படுத்திய கொள்ளை!

1695 செப்டம்பர். மெக்கா யாத்திரிகர்களோடும் பொன் வெள்ளியோடும் சூரத் திரும்பிய ஔரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலை ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயக் கொள்ளையன் சூறையாடினான். யாத்திரிகர்களுக்கு இழைத்த கொடுமை கேட்கவே நடுங்க வைப்பது. கொதித்த பாதுஷா, சூரத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களைச் சிறையில் தள்ளினார். எவரியின் தலைக்கு விலை வைத்து உலகெங்கும் தேடினார்கள். ஆள் மாயமாக மறைந்தே போனான்! 2014-இல், அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், ஒரு பழத்தோட்டத்து மண்ணில் அரபு எழுத்துள்ள வெள்ளிக் காசு ஒன்று கிடைத்தது. 1693-இல் ஏமனில் அடித்த காசு! எவரியின் கூட்டாளிகள் அங்கே வந்திருந்தார்கள் என்பதற்கு அது தடயம் என்கிறார்கள் தேடியவர்கள்.

16 ஆண்டுகள், 'இன்றைக்குக் கிடைத்துவிடும்'!

1622 செப்டம்பரில், ஃபுளோரிடா அருகே புயலில் மூழ்கியது ஸ்பெயினின் 'அடோச்சா' கப்பல். 265 பேரில் பிழைத்தவர்கள் ஐந்தே பேர், பாய்மரத்தைப் பற்றிக்கொண்டிருந்தவர்கள். கோழிப் பண்ணை வைத்திருந்த மெல் ஃபிஷர் அந்தக் கப்பலை 1969 முதல் தேடினார். 'இன்றைக்குத்தான் அந்த நாள்' என்று தினமும் காலையில் சொல்லித்தான் ஆட்களைக் கடலுக்கு அனுப்புவார். பல ஆண்டுகள் தவறான இடத்திலேயே தேடினார்கள். திசை காட்டியவர் யார் தெரியுமா? யூஜின் லயன் என்ற வரலாற்று ஆய்வாளர்! ஸ்பெயினின் செவில் ஆவணக் காப்பகத்தில், பூச்சி அரித்த பழைய ஏடுகளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, கப்பல் கிடப்பது மார்க்கேசஸ் தீவுகளின் பக்கம் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். கடலில் எடுத்த வெள்ளிக்கட்டியின் எண்ணும் ஏட்டில் இருந்த எண்ணும் ஒத்துப்போயின!

1975 ஜூலையில் ஃபிஷரின் மகன் டர்க் வெண்கலப் பீரங்கிகளைக் கண்டெடுத்தார். ஒரே வாரத்தில், ஜூலை 20 அன்று, படகு கவிழ்ந்து டர்க்கும் அவர் மனைவியும் இன்னொரு முக்குளிப்பவரும் இறந்தார்கள். சரியாகப் பத்து ஆண்டுகள். 1985 ஜூலை 20. அதே தேதியில் அடோச்சாவின் குவியல் கிடைத்தது! ஆயிரத்துக்கும் மேல் வெள்ளிக்கட்டிகள், லட்சத்துக்கும் மேல் காசுகள், கொலம்பிய மரகதங்கள். அந்தத் தந்தைக்கு அது எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும்!

தொலைந்தது சுத்தியல், கிடைத்தது 15,000 காசு!

எனக்கு மிகப் பிடித்த கதை இதுதான். 1992 நவம்பர் 16, இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்ன் கிராமம். ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்துவிட்டது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவருடைய நண்பர் எரிக் லாஸ், உலோகம் கண்டறியும் கருவியோடு தேடப் போனார். கருவி கத்தியது. தோண்டினால் வெள்ளிக் கரண்டி, தங்க நகை, பொற்காசு! அவர் செய்த அடுத்த காரியம்தான் பெரிது. மேற்கொண்டு தோண்டாமல் நிறுத்திவிட்டு, அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து, எந்தப் பொருள் எந்த அடுக்கில், எந்தப் பெட்டிக்குள் இருந்தது என்பது உட்படக் கலையாமல் எடுத்தார்கள். 14,865 ரோமானியக் காசுகள், கூடவே 200 வரையிலான பொன், வெள்ளிப் பொருட்கள்! பதினேழரை லட்சம் பவுண்ட் பரிசு கிடைத்தது. அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். அந்தச் சுத்தியலும் கிடைத்தது! இன்று அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னும் ஓர் ஆச்சரியம். அந்தப் புதையலில் நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள். ஒன்று அலங்காரமான ஒரு பெருமாட்டியின் உருவம். அடியில் தட்டைத் திருகினால் மிளகு நிரப்பலாம், தூவலாம், மூடலாம். அந்த மிளகு விளைந்தது எங்கே? நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில்! இங்கிலாந்து வயலில் புதைந்து கிடந்தது நம் மிளகின் வீடு.

மிளகுக்கு விலையாக வந்த பொன், புதுக்கோட்டையில்!

சங்கப் பாடல்கள் சொல்லுமே, யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின என்று? அந்தப் பொன்னுக்குச் சாட்சி நம் மண்ணில் இருக்கிறது. 1898-இல், புதுக்கோட்டை சமஸ்தானத்தின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை, பேரரசர்களின் முகங்கள்! பெரும்பாலான காசுகளில் அந்த முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு. காசாகச் செலாவணி ஆகாமல், வெறும் பொன்னாக எடைபோட்டுக்கொள்ள அப்படி வெட்டியிருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து. அந்த ஒரு வெட்டில், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நம் வணிகரின் கைவேலையே தெரிகிறது.

நாகப்பட்டினத்து மண்ணுக்குள் 350 புத்தர்கள்!

கடாரத்து மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரைக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடையாகத் தந்தான். அதைச் சொல்லும் செப்பேடு கடல் கடந்து லெய்டன் நகரம் வரை போனது. விகாரை மறைந்துவிட்டது. ஆனால் 1856 முதல் நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து செப்புப் புத்தர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தார்கள். மொத்தம் 350 வரை! சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவர்களில் சிலரை இன்றும் நேரில் பார்க்கலாம்.

மின்னல் வேகத்தில் இன்னும் மூன்று!

மெக்சிகோவில் 1520-இல் தப்பியோடிய ஸ்பானிய வீரர்கள் பறிகொடுத்த தங்கக்கட்டி ஒன்று 1981-இல், கட்டட வேலையின்போது கிடைத்தது. எடை ஏறக்குறைய இரண்டு கிலோ!

ரஷ்யாவின் 'அம்பர் அறை', சுவரெல்லாம் அம்பர் பதித்த மண்டபம். இரண்டாம் உலகப் போரில் அதை ஜெர்மானியப் படைகள் கழற்றிக்கொண்டு போயின. 1945-க்குப் பிறகு அந்த அறை என்ன ஆனது என்றே தெரியவில்லை. ரஷ்யர்கள் இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்து 2003-இல் புதிதாகவே செய்துவிட்டார்கள்!

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகள் 2011-இல் உச்ச நீதிமன்ற ஆணையின்படி திறக்கப்பட்டு உலகமே வியந்தது. அப்போது திறக்காமல் விட்டது 'பி' அறை!

இவ்வளவும் படித்த பிறகு ஒன்று புரிகிறதல்லவா? செம்புச் சுருள், குறியீட்டுத் தாள், சவால் என்று நம்பி ஓடியவர்களுக்கு மண்தான் மிஞ்சியது. கிடைத்ததெல்லாம் வயலில் வேலை செய்தவருக்கும், கட்டடம் கட்டியவருக்கும், பழைய ஏட்டைப் பொறுமையாகப் படித்தவருக்கும்தான். எந்தப் பூதமும் குறுக்கே நிற்கவில்லை.

ஆகவே, 'உங்கள் வீட்டடியில் புதையல் இருக்கிறது, பூஜை போட்டால் எடுத்துவிடலாம்', 'கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கிறது' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். அவர்கள் தோண்டுவது உங்கள் சேமிப்பை!

உண்மையிலேயே கடைக்கால் பறிக்கும்போதோ ஏர் ஓட்டும்போதோ பானை நிறையக் காசோ, செப்புத் திருமேனியோ தென்பட்டால் என்ன செய்வது? 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அரசே அதை எடுத்துக்கொண்டாலும், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர அந்தச் சட்டத்தில் வழி உண்டு. ஆட்சியர் அலுவலகம் தூரமென்றால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ உடனே சொல்லுங்கள்.

தயவுசெய்து அதை உருக்கிவிடாதீர்கள், மேற்கொண்டு தோண்டியும் கலைக்காதீர்கள். உருக்கிய காசு ஒரு சங்கிலியாகும், அவ்வளவுதான். கலையாமல் கிடைத்த காசு, அதைப் புதைத்தவர் யார், எந்தக் காலம், எந்தக் கடல் கடந்து வந்தது என்று உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும்.